கால்வாய்க்கரை பப்கள்: இங்கிலாந்தில் உணவும் நாய்களும்

கால்வாய்க்கரை பப் என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்நாட்டுக் கால்வாய்களை ஒட்டி, சரக்குப் படகோட்டிகளையும் அவர்களுடைய குதிரைகளையும் நம்பித் தோன்றி, இன்று பெரும்பாலும் சாப்பாட்டு வியாபாரத்தால் பிழைத்திருக்கும் மதுவிடுதி. வோர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக ஜேம்ஸ் பிரிண்ட்லி வெட்டிய பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761இல் திறக்கப்பட்டதோடு இதன் வரலாறு தொடங்குகிறது. இன்று சுமார் 3,200 கிலோமீட்டர் நீர்வழிகளை, 2012இல் பொறுப்பேற்ற கால்வாய் மற்றும் ஆற்று அறக்கட்டளை பராமரிக்கிறது. அந்தக் கரைகளில் உள்ள விடுதிகளுக்குள் நாய்களை அனுமதிக்கலாமா என்பது வாடிக்கையாளர்களிடையே ஓயாத வாக்குவாதம். பழைய பப்பின் உள்சுவர்களை இடித்ததால் வந்த வழக்கு இது என்பதும், நாய்க்கு ஓர் அறையும் நாய் நுழையாத உணவறையும் தனித்தனியே இருந்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பப்கள் கரையில் எங்கே முளைத்தன என்பதைப் பார்த்தாலே அவை யாருக்காக இருந்தன என்பது விளங்கும். ஒற்றைக் குதிரை இழுக்கும் குறுகிய படகு 25 டன் வரை சரக்கு சுமந்தது. படகு தடைபட்டு நிற்கும் இடங்களில்தான் விடுதிக்கு வேலை இருந்தது: நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்திவிடும் லாக் வரிசைகள், இரண்டு கால்வாய்கள் கூடும் சந்திப்புகள், சுரங்கவழிகளின் வாய்கள். பல சுரங்கங்களில் குதிரை நடந்து படகை இழுக்கும் இழுவைப்பாதையே கிடையாது. குதிரையை மலைமேல் நடத்திப் போவார்கள். ஆட்கள் படகின் குறுக்குப் பலகையில் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்துவார்கள். 1805இல் திறக்கப்பட்ட பிளிஸ்வொர்த் சுரங்கம் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் நீளம். அதன் தெற்கே உள்ள ஸ்டோக் புரூயெர்ன் கிராமத்தில் ‘போட் இன்’ என்ற விடுதியை 1877 முதல் நெடுங்காலம் ஒரே குடும்பம் நடத்தியது. குளொஸ்டர்ஷயரில் சாப்பர்ட்டன் சுரங்க வேலையாட்களுக்காக எழுந்த ‘டனல் ஹவுஸ்’, அந்தக் கால்வாயே கைவிடப்பட்ட பிறகும் விடுதியாக நின்றது. சிறு கட்டணம் செலுத்தி உரிமம் பெற்ற எந்த வீட்டுக்காரரும் பீர் விற்கலாம் என்று 1830ஆம் ஆண்டின் சட்டம் சொன்னதும் கரையோரத்து எளிய வீடுகள் பலவும் விடுதிகளாயின. சாலைக்கு ஒரு வாசல், தண்ணீருக்கு ஒரு வாசல், பின்னால் குதிரை லாயம் என்ற அமைப்பு இன்றும் பல இடங்களில் தெரிகிறது. படகைக் காவல் காக்க நாய்களும் கூடவே வந்தன. விலங்கு இந்த இடத்துக்குப் புதிய விருந்தாளி அல்ல.

ரயில் வந்தபின் சரக்கு சுருங்கியது. 1948இல் பெரும்பாலான கால்வாய்கள் அரசுடைமையாயின. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தபோது குறுகிய படகுச் சரக்குத் தொழில் ஏறக்குறைய முடிந்துபோனது. அதற்குள் வேறொரு கூட்டம் கரைக்கு வரத் தொடங்கியிருந்தது. டாம் ரோல்ட் 1944இல் வெளியிட்ட ‘நேரோ போட்’ என்ற பயண நூலைப் படித்தவர்கள் கால்வாய்களை மீட்க விரும்பினார்கள். 1946இல் உள்நாட்டு நீர்வழிகள் சங்கம் பிறந்தது. 1968ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் பல கால்வாய்களை உல்லாசப் பயணத்துக்கென்றே வகைப்படுத்திக் காப்பாற்றியது. சரக்கோட்டிகளின் இடத்தில் விடுமுறைப் படகுக்காரர்கள், படகையே வீடாகக் கொண்டவர்கள், இழுவைப்பாதையில் நடப்பவர்கள் வந்தார்கள். பிரிட்டனில் ஒரு கோடிக்கும் மேல் நாய்கள் உள்ளதாக மதிப்பிடுகிறார்கள். லாக் வாசல்களைத் தவிர ஏற்ற இறக்கமே இல்லாத, வாகனம் வராத பாதை, நாயோடு நடப்பதற்கென்றே வெட்டியதுபோல் அமைந்துவிட்டது.

உணவின் கதை இதைவிடச் சமீபத்தியது. படகுக் குடும்பங்கள் சுமார் 3 மீட்டர் நீளமுள்ள பின்கூண்டில் வாழ்ந்து, அங்கேயே நிலக்கரி அடுப்பில் சமைத்துக்கொண்டன. பப்பில் அவர்களுக்குக் கிடைத்தது பீர், ரொட்டி, பாலாடைக்கட்டி, காடியில் ஊறிய முட்டை, பொரித்த பன்றித்தோல் போன்ற கொறிப்புகள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஊறுகாயும் சேர்ந்த ‘பிளவ்மன்ஸ் லஞ்ச்’ தொன்மையான உழவர் உணவாகப் பேசப்பட்டாலும், அந்தப் பெயரில் அது பரவியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், பாலாடைக்கட்டி வணிகத்தார் செய்த விளம்பரத்தால். 1967இல் குடித்து வண்டி ஓட்டுவோரை ஊதச் சொல்லிச் சோதிக்கும் சட்டம் வந்தது. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தின் பப்களுக்குள் புகைபிடிக்கத் தடை வந்தது. பல்பொருள் அங்காடிகள் பீரை மலிவாக விற்றன. குடியை மட்டும் நம்பிய கிராமத்து பப் தாக்குப்பிடிக்க முடியாமல் சமையலறையைப் பெரிதாக்கியது. ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டும் யார்க்ஷயர் புட்டிங்கும், மீன் வறுவலும் சிப்ஸும், இறைச்சி பையும் எங்கும் உண்டு. கால்வாய் கடந்துபோகும் நிலத்துக்கே உரிய உணவு கிடைக்கும் இடங்கள்தான் கூடுதல் சுவை: ட்ரென்ட்–மெர்சி கால்வாயில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரப் பகுதியின் ஓட்ஸ் மாவு ஆப்பம், பிளாக் கன்ட்ரி வட்டாரத்தில் ஈரல் கலந்த இறைச்சி உருண்டையும் பட்டாணியும், லங்காஷயரில் உருளைக்கிழங்கு மூடிய ஆட்டிறைச்சிக் குழம்பு. பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெத்விக், வெஸ்ட் பிராமிச் பகுதிகளில் பஞ்சாபியர் நடத்தும் ‘தேசி பப்’களில் கரியடுப்பில் வாட்டிய இறைச்சியும் கறியும் பீரோடு வருகின்றன, அந்த மண்ணின் உணவாகவே இதையும் எண்ண வேண்டும்.

நாய் பிரச்சினை கூர்மையானது இந்த மாற்றத்தால்தான். குடிக்கும் இடத்தில் மேசைக்கடியில் கிடந்த நாயை யாரும் பொருட்படுத்தவில்லை; அதே இடம் சாப்பிடும் இடமானதும் கேள்வி எழுந்தது. பலர் நினைப்பதுபோல் பிரிட்டனில் இதற்குச் சட்டத் தடை இல்லை. 2004ஆம் ஆண்டின் ஐரோப்பிய உணவுச் சுகாதார விதி, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகும் பிரிட்டனில் தொடர்கிறது. வளர்ப்புப் பிராணிகள் உணவைத் தயாரிக்கும், கையாளும், சேமிக்கும் இடங்களுக்குள் நுழையாதபடி ஏற்பாடு வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. வாடிக்கையாளர் உட்காரும் அறையில் நாயை விடுவதும் விடாததும் விடுதி நடத்துபவர் விருப்பம். அந்த விருப்பத்துக்கு ஒரு முக்கியமான எல்லை உண்டு: பார்வையற்றோர் முதலானவர்களின் உதவி நாய்களை, நாய்க்குத் தடையுள்ள அறையிலும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் காக்கிறது. இக்கட்டுரையில் சொல்லப்படும் எந்தக் கட்டுப்பாடும் அவற்றுக்குப் பொருந்தாது.

நாயை உள்ளே விட வேண்டும் என்பதற்குக் கால்வாய்க்கரையில் உள்ள காரணம் நகரத்து உணவகத்துக்கு இல்லை. நகரவாசி நாயை வீட்டில் விட்டுவிட்டு வரலாம். படகில் ஒரு வாரம் போகிறவருக்கு வீடு அந்த இரும்புப் படகுதான். கோடை வெயிலில் அதன் கூண்டு சூடேறி, பூட்டப்பட்ட நாயின் உயிருக்கே ஆபத்தாகும். காரில் விடுவதும் அப்படியே. வெளியே கம்பத்தில் கட்டிப்போட்டால் திருட்டுப் பயம், பாதையில் வரும் சைக்கிள்கள், பக்கத்திலேயே தண்ணீர். படகுகளின் வேக வரம்பு மணிக்கு சுமார் 6 கிலோமீட்டர். அடுத்த பப் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அன்றைய பகலில் பாதி போய்விடும். தோட்டத்து மேசை போதாதா என்று கேட்பவர்கள், ஆண்டில் பாதி நாட்கள் அங்கே மழையும் குளிருமாக இருக்கும் என்பதை மறக்கிறார்கள். குளிர்மாதங்களில் இப்படி நாயோடு நடந்து வருகிற சிலர்தான் பல விடுதிகளுக்குக் கிடைக்கும் பகல்நேர வியாபாரம்.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் வலுவுண்டு. அவர்களில் சுத்தத்தை முன்வைப்பவர்களின் வாதம்தான் ஒப்பீட்டளவில் பலவீனமானது: சமையலறைக்குள் நாய் போகாமல், பரிமாறுபவர் நாயைத் தொட்ட கையைக் கழுவினால் தட்டுக்கு வரும் கேடு குறைவு. ஆனால் கால்வாயில் குதித்துவிட்டு வரும் நாய் வேறு. மெல்ல நகரும் நீரில் எலிச் சிறுநீர் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கக்கூடும். சேறும் சொட்டுமாக வரும் நாயைத் துடைத்துக் காயவைக்காமல் உள்ளே கொண்டுவருவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஒவ்வாமை இன்னும் கனமான காரணம். நாயின் எச்சிலிலும் தோல் உதிர்விலும் உள்ள புரதம் காற்றில் மிதக்கும், துணியில் ஒட்டும்; ஆஸ்துமாக்காரருக்கு அது மூச்சை அடைக்கும். உணவில் உள்ள 14 ஒவ்வாமைப் பொருள்களை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பக்கத்து நாற்காலியில் நாய் இருக்கும் என்பதையும் மேசை பதிவுசெய்யும்போதே சொல்வதுதான் அதே நியாயத்தின் நீட்சி. தட்டுகளோடு நாய்க்கயிறுகளைத் தாண்டி நடக்கும் ஊழியர்களை இந்த விவாதத்தில் யாரும் நினைப்பதில்லை. வாடிக்கையாளர் வேறு பப்புக்குப் போகலாம். ஊழியருக்கு எட்டு மணி நேரம் அதே காற்றுதான்.

அச்சத்தை ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று ஒதுக்குவது அநியாயம். சிறுவயதில் கடிபட்டவர்கள் உண்டு. தெருநாயும் வெறிநாய்க்கடியும் உள்ள நாடுகளில் வளர்ந்தவர்கள் உண்டு. நாயின் எச்சில் பட்டால் உடையைத் தூய்மை செய்தாக வேண்டும் என்ற சமய நெறியுள்ள முஸ்லிம்கள் உண்டு. கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளை ஓடும் லண்டனின் அல்பெர்ட்டன், வெம்பிளி பக்கங்களில் ஈழத்தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். அங்கிருந்து குழந்தைகளோடு கரையில் நடந்து பப்பில் சாப்பிட நினைக்கும் குடும்பத்துக்கும் இந்த அச்சம் இருக்கலாம். 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டமே, நாய் காயப்படுத்திவிடும் என்று ஒருவர் நியாயமாக அஞ்சும் நிலையைக் கணக்கில் எடுக்கிறது. பல் பதிய வேண்டியதில்லை. பப் யாருக்குத் திறந்த வீடு என்ற கேள்விக்கு இந்தக் கால்வாய்ப் பகுதிகளில் ஒரு கசப்பான வரலாறும் உண்டு. ஸ்மெத்விக்கின் சில பப்கள் கறுப்பர்களையும் இந்தியர்களையும் சில அறைகளுக்குள் விட மறுத்தன. இந்தியத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் பொது இடங்களில் அந்த ஒதுக்கலைச் சட்டவிரோதமாக்கியது. மனிதர்களை மீண்டும் வாசலில் நிறுத்தும் ஏற்பாடு எதுவும், நாய்ப் பாசம் எவ்வளவு உயர்ந்ததானாலும், அந்தப் பப்களுக்குப் பொருந்தாது.

இவ்விரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்பதற்குப் பழைய பப்பின் வரைபடமே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு பப் ஒற்றை மண்டபமாக இருந்ததில்லை. கல் பாவிய தரையும் மரப் பெஞ்சும் கொண்ட பொது பார், கம்பளம் விரித்த சலூன், ஒதுக்கமான சிற்றறை என்று கூறு கூறாக இருந்தது. சேற்றுக் காலணியோடு வந்த படகோட்டி கல்தரை அறைக்குப் போனார். ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாயில் ஹை ஆஃப்லி அருகே உள்ள ‘ஆங்கர்’ விடுதி இரண்டு சிறு அறைகளோடு அந்தப் பழைய உருவத்தை இன்றும் காட்டுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பல ஆண்டுகளில் மதுவாலைகள் சுவர்களை இடித்து, ஒரே கவுன்டரிலிருந்து எல்லா மூலையும் தெரியும்படி பப்களைத் திறந்தன. ஊழியர் செலவு குறைந்தது, மேசைகள் கூடின. சாப்பிடும் குடும்பமும் நனைந்த நாயும் ஒரே காற்றைப் பகிரும் நிலை இப்படித்தான் உண்டானது.

அந்தச் சுவர்கள் வர்க்கத்தையும் பாலினத்தையும் பிரித்த சுவர்கள், அவற்றுக்காக ஏன் ஏங்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சலூனில் பீர் விலை கூடுதலாக இருந்தது. பல ஊர்களில் பெண்கள் பொது பாருக்குள் கால் வைக்கவே முடியவில்லை. லண்டன் ஃப்ளீட் தெருவில் ஒரு மதுக்கடை பெண்களைக் கவுன்டரில் நின்று வாங்க விடாததைச் சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே கேட்கப்படும் பிரிவினை வேறு வகை. இரண்டு அறைகளிலும் ஒரே விலை, ஒரே உணவுப் பட்டியல், எந்த மனிதருக்கும் எந்த அறையும் திறப்பு. ஓர் அறைக்குள் செல்ல நாய்க்கு மட்டும் அனுமதி இல்லை. சுவரே இல்லாத, ஒரே அறை கொண்ட சின்ன பப்புக்கு இது பொருந்தாது என்பதும் உண்மை. அங்கே நேரத்தைப் பிரிக்கலாம்: உணவு பரிமாறும் மதிய, மாலை வேளைகளில் நாய் வேண்டாம், மற்ற நேரங்களில் வரலாம். பாதையில் வேறு விடுதியே இல்லாத தொலைவான இடங்களில், முழுத் தடையும் முழு அனுமதியும் இரண்டுமே யாரையாவது பசியோடு நடக்கவைக்கும். அதனால் ‘சந்தை தீர்மானிக்கட்டும்’ என்ற வாதம் அங்கே செல்லாது.

நாய்க்காரர்களுக்கும் கடமை உண்டு, அதில் சில நாயின் நலத்துக்கே. பப் உணவு நாய்க்கு ஒத்ததல்ல: ரோஸ்ட்டோடு வரும் குழம்பிலுள்ள வெங்காயம் அதன் இரத்த அணுக்களைச் சிதைக்கும், கிறிஸ்துமஸ் புட்டிங்கின் உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும், சாக்லேட் நஞ்சு, வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். தட்டிலிருந்து ஒரு துண்டு கொடுக்கும் அன்பான பக்கத்து மேசைக்காரர்தான் பல நேரங்களில் ஆபத்து. கயிறு குட்டையாக இருக்க வேண்டும், நாய் தரையில் இருக்க வேண்டும், இருக்கையில் ஏறக்கூடாது, குரைக்கும் நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும். விடுதி நடத்துபவர் செய்ய வேண்டியவை குறைவு: கல்தரை அறையை நாய்க்கு ஒதுக்குவது, வாசலில் துண்டும் தண்ணீரும் வைப்பது, நாய் எந்த அறையில் என்பதை வாசற்பலகையிலும் முன்பதிவிலும் தெளிவாக எழுதுவது, உணவறைக் கதவை மூடி வைப்பது. உட்சுவரை இன்னும் இடிக்காமல் வைத்திருக்கும் கால்வாய்க்கரை பப்கள் அவற்றை இனியும் இடிக்க வேண்டாம். இடித்தவர்கள் அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஒரு கதவையாவது திரும்ப வைக்கட்டும்.