வால் அறுந்த பெயர்களும் குலசாமிக் கேள்வியும்

"எந்தூரு தம்பி?"

சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

சிரித்து வைத்தேன்.

"கொலசாமி எது?"

நாயுடுபுரத்து டீக்கடை ஒன்றில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கேட்டவர் பெரியவர், அன்பானவர். குளிருக்கு இதமாக அடுப்புப் பக்கம் இடம் ஒதுக்கித் தந்தவர். 'நீ என்ன சாதி?' என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கே கூசியிருக்கும். இந்தக் கூச்சம் தமிழ்ச் சமூகத்துக்கு இயல்பாக வாய்த்ததல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அது எதைச் சாதித்தது, எதன் முன்னால் தோற்று நிற்கிறது என்பதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். பேசுவதற்கு இந்த ஊரும் பொருத்தமானதுதான். இங்கே மனிதர்களின் பெயரிலிருந்து வால் போய்விட்டது. ஊரின் பெயரில் இருக்கிறது. 'நாயுடு' என்பது ஒரே சாதியின் பெயர்கூட அல்ல, தெலுங்கு பேசும் பல சாதியார் போட்டுக்கொள்ளும் பட்டம். பட்டங்கள் அப்படித்தான்: எதையும் துல்லியமாகச் சொல்லாது, ஆனால் எங்கே உட்காரலாம் என்பதை மட்டும் சொல்லிவிடும்.

கொடைக்கானலின் வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் 1845இல், அமெரிக்க மதுரை மிஷன் இரண்டு வீடுகளைக் கட்டியதிலிருந்து தொடங்குகிறது. பளியரும் புலையரும் குன்னுவரும் அதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலையில் வாழ்ந்தவர்கள். வார்டு 1821இல் நில அளவைக்கு வந்தபோதே இங்கே ஊர்கள் இருந்தன. அது வேறு கட்டுரை. நான் சொல்ல வருவது அந்த மிஷன் இரண்டு ஆண்டு கழித்துச் செய்த காரியத்தை. 1847இல் அது ஒரு தீர்மானம் போட்டது. சாதி என்பது அஞ்ஞான மதத்தின் சாரம். அதைக் கைவிட்டதற்கு அடையாளமாக, எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து உண்ணத் தயாராக இருக்க வேண்டும் என்றது. மறுத்த உபதேசியார்கள் வேலையை இழந்தார்கள்.

இதைத் தமிழ்நாட்டின் முற்போக்கு வரலாற்றில் சேர்த்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் மிஷன் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றே படுகிறது. அதற்குச் சாதி ஒரு நம்பிக்கை. ஒரு கவளத்தில் அதைத் துறந்துவிடலாம். உபதேசியாருக்கோ பந்தியில் உட்காருவது அவர் ஒருவருடைய வாய் சம்பந்தப்பட்ட காரியமல்ல. மகளுக்கு மாப்பிள்ளை எங்கிருந்து வருவான், தான் செத்தால் பாடையை யார் தூக்குவார்கள் என்கிற கேள்விகளும் அந்த இலையில் பரிமாறப்பட்டிருந்தன. சம்பளத்தைக் காட்டிக் கையை இலையில் வைக்கச் சொல்லலாம். உறவுமுறையை அப்படி மாற்ற முடியாது. பின்னாளில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்குச் சுவர் வைத்த சபைகளைத் தமிழ்நாடு பார்த்தது. இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் இந்த மலைக்கு வந்தது கூலிகள் சுமந்த நாற்காலிகளில். சுமந்த தோளுக்கும் சுமக்கப்பட்ட உடலுக்கும் இடையிலிருந்த தூரம் அந்தத் தீர்மானத்தின் கண்ணில் படவில்லை. ஒழுக்க நெறியை வகுப்பவன் தன் உடலை அதற்கு வெளியே நிறுத்திக்கொள்வது அதிகாரத்தின் பழைய வழக்கம்.

இதே மலையின் அடிவாரத்தில், வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் பட்டிவீரன்பட்டி இருக்கிறது. காப்பி வியாபாரத்தில் செழித்த ஊர். டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அந்த ஊர்க்காரர். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக் கூடாது என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. பெரியார் அதற்கு முன்பே, 1927 இறுதியில், குடி அரசில் தம் பெயரிலிருந்து 'நாயக்கரை' எடுத்துவிட்டிருந்தார். மாநாட்டுத் தலைவரோ நாடார் மகாஜன சங்கத்தின் முன்னணியிலும் இருந்தவர். இந்த முரணைச் சுட்டிக்காட்டி மகிழ்வது எளிது. அவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு லைசென்ஸ் போய்விடும் என்று உத்தரவு போட்டதையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டும். மிஷனின் இலை செய்ய முடியாததில் ஒரு பகுதியை பஸ் சீட்டு செய்தது. இன்று வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவில் யார் யார் மேல் சாய்கிறார்கள் என்று எவரும் கணக்கு வைப்பதில்லை.

பெயர் விஷயத்தில் பட்டம் போட்டவனைச் சட்டம் தண்டிக்கவில்லை. மேடை கேலி செய்தது. நார்பர்ட் எலியாஸ் 1939இல் ஐரோப்பிய நாகரிகம் பற்றி எழுதிய நூலில், முள்கரண்டியும் கைக்குட்டையும் அரசவையிலிருந்து கீழே இறங்கிய கதையைச் சொல்கிறார். அங்கே வெட்கம் மேலிருந்து கீழே பரவுகிறது. இங்கே நடந்தது தலைகீழ். தெருமுனைக் கூட்டத்தில் பிறந்த ஒரு வெட்கம் மேலே ஏறிப் பண்ணையாரையும் புரொபசரையும் தொற்றிக்கொண்டது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் பெயருக்குப் பின்னால் சாதி போடுவது பட்டிக்காட்டுத்தனம் என்றாகிவிட்டது. பிற மாநிலங்களில் கம்யூனிஸ்ட் தலைவர்களே பட்டத்தோடு அறியப்படும்போது, இங்கே சாதிக்கட்சித் தலைவர் பலரும் வெறும் முதலெழுத்தோடு நிற்கிறார். இதை வெறும் பாவனை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாவனையும் ஒரு நடத்தைதான். பத்துப் பேர் முன்னால் சாதியைச் சொல்லிக் காலரைத் தூக்கிவிட முடியாத நிலை, அந்தப் பத்துப் பேரில் ஒடுக்கப்பட்டவன் ஒருவன் இருந்தால் அவனுக்கு மூச்சுவிடக் கிடைத்த இடம்.

ஆனால் வெட்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது சொல்லைத் தடுக்கும். தெரிந்துகொள்ளும் ஆசையைத் தடுக்காது. சாதி பெயரின் வாலிலிருந்து கழன்று தெருவுக்குள், குலசாமிக்குள், 'நம்ம பசங்களா?' என்ற கண் ஜாடைக்குள் குடியேறிவிட்டது. உணவுக்கும் பெயருக்கும் பிறகு வருவது கல்யாணம். அங்கே கூச்சமே கிடையாது. சமபந்தியால் மட்டும் சாதி சாகாது, கலப்பு மணமே மருந்து என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். 2016 மார்ச்சில், பழனியிலிருந்து சற்றே மேற்கிலுள்ள உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பஸ் நிலையத்தருகே சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டது வால் நீக்கிய சமூகத்தில்தான்.

அரசு வாலை நறுக்குவதில் சளைக்கவில்லை. 1970களின் இறுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சி தெருப்பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவிப்பு வந்தது. அக்டோபரில் ஊர், தெருப் பெயர்களிலுள்ள சாதிப் பெயர்களை மாற்ற ஆணை வந்தது. அதே மாதம் கோவை மேம்பாலம் ஜி.டி. நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. அந்த வாலை அறுத்தால் ஆள் யாரென்றே தெரியாது என்றார்கள். அதுவும் நியாயம்தான். நாயுடுபுரத்துக்கு நாளை ஒரு பூவின் பெயரோ தலைவரின் பெயரோ வரலாம். வரட்டும். டீக்கடையின் மூன்றாவது கேள்விக்கு அது பதிலாகாது.

1929இல் வெட்கம் பட்டத்தின் மேல் வைக்கப்பட்டது. இனி அதைக் கேள்வியின் மேல் நகர்த்த வேண்டும்: தெருவைக் கேட்பதும் குலசாமியை விசாரிப்பதும் நாக்கூச வேண்டும். அரசாணை இதைச் செய்யாது. மிஷன் செய்த தவறைத் தவிர்க்க வேண்டுமானால், நெறி பேசுகிறவன் தன் உடலை வெளியே நிறுத்திக்கொள்ளக் கூடாது.

அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அன்று அந்தப் பெரியவரின் மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "ஒங்களுக்கு எது?" என்று திருப்பிக் கேட்டேன். அதைச் சாமர்த்தியம் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், எனக்கும் அவர் யாரென்று தெரிய வேண்டியிருந்தது.