ஃபோட்டான் எண்ணிக்கை உணரி

ஃபோட்டான் எண்ணிக்கை உணரி, சுருக்கமாக பி.எம்.டி., அணுக்கருக்கள் பெரும் ஆற்றலில் மோதும்போது கற்றையின் திசையை ஒட்டித் தெறிக்கும் ஃபோட்டான்களை மற்றத் துகள்களிலிருந்து பிரித்து எண்ணும் கருவி. இந்திய ஆய்வுக்கூடங்கள் இதை வடிவமைத்து, கட்டி, சோதித்து, நான்கு பன்னாட்டுப் பரிசோதனைகளில் இயக்கின. அவற்றுள் டபிள்யூ.ஏ.93, டபிள்யூ.ஏ.98 ஆகிய இரண்டும் ஜெனிவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் நிலையான இலக்கின்மீது கற்றையைச் செலுத்தியவை. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்து ஸ்டார், செர்னின் ஆலிஸ் ஆகிய இரண்டும் மோதுவிகளில் அமைந்தவை.

தேவை

மோதலில் பிறக்கும் துகள்களில் பெரும்பகுதி பையான்கள். மின்னூட்டமுள்ள பையான் தான் போகும் வழியில் தடம் பதிக்கும். நடுநிலைப் பையானோ பிறந்த கணத்திலேயே இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைந்துவிடும். எனவே ஃபோட்டான்களை எண்ணினால் நடுநிலைப் பையான்களின் கணக்கு ஏறத்தாழக் கைக்கு வந்துவிடும். மோதலில் உருவாகும் குவார்க்கு-குளுவான் பொருள் குளிரும்போது நடுநிலைப் பையான்களின் பங்கு மோதலுக்கு மோதல் வெகுவாக மாறலாம் என்ற கோட்பாடு 1990களில் பேசப்பட்டதால், இந்த எண்ணிக்கை முக்கியத்துவம் பெற்றது.

முன்திசையில் துகள்கள் மிக நெருக்கமாக வரும். அங்கே ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலையும் கலோரிமீட்டரால் தனித்தனியே அளப்பது கடினம். பி.எம்.டி. ஆற்றலை அளக்கும் முயற்சியை விட்டுவிட்டு, எத்தனை ஃபோட்டான்கள், எந்தெந்த இடத்தில் என்ற கேள்விக்கு மட்டும் விடை தேடியது.

இயங்கும் முறை

துகள்களின் பாதையில் மூன்று கதிர்வீச்சு நீளத் தடிமனுள்ள ஈயத் தகடு நிற்கும். அதில் நுழையும் ஃபோட்டான் எலெக்ட்ரான்-பாசிட்ரான் இணையாக மாறி, அவை மேலும் பெருகிப் பொழிவாக வெளிவரும். சிறு அறைகளாகப் பகுக்கப்பட்ட, தகட்டின் பின்னுள்ள உணரித் தளத்தில் அடுத்தடுத்த பல அறைகள் ஒருசேரச் சமிக்ஞை தரும். பையான் போன்ற ஹாட்ரான் பெரும்பாலும் ஈயத்தை அப்படியே கடந்து, ஒரே அறையில் சிறு சமிக்ஞை மட்டும் விடும். கொத்தாகவும் வலுவாகவும் வந்தால் ஃபோட்டான், தனியாகவும் மெலிதாகவும் வந்தால் ஹாட்ரான் என்பதே அடிப்படை விதி. ஸ்டாரிலும் ஆலிஸிலும் ஈயத்துக்கு முன்னால் இன்னொரு தளமும் இருந்தது. மின்னூட்டமுள்ள துகள் அதிலேயே பதிவாகிவிடுவதால், அதை ஃபோட்டான் கணக்கிலிருந்து விலக்க முடிந்தது.

செர்னில் தொடக்கம்

முதல் பி.எம்.டி. 1990களின் தொடக்கத்தில், கந்தக அணுக்கருக்களைத் தங்கத்தின்மீது மோதவிட்ட டபிள்யூ.ஏ.93 பரிசோதனைக்காக உருவானது. கொல்கத்தாவின் வேரியபிள் எனர்ஜி சைக்ளோட்ரான் மையம் முன்னின்று நடத்திய இம்முயற்சியில் இயற்பியலாளர் ஒய்.பி. வியோகி முக்கியப் பங்காற்றினார். இயற்பியலாளர் பிகாஷ் சின்ஹா இந்தியாவில் இத்துறை வேரூன்றத் துணைநின்றார். துகள் பட்டால் ஒளிவிடும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பிளாஸ்டிக் மினுக்கிகளின் ஒளி, ஒளியிழைகள் வழியாகக் கேமராக்களுக்குச் சென்றது. அக்கேமரா அமைப்புகள் யூ.ஏ.2 என்ற பழைய பரிசோதனையில் பயன்பட்டவை. அடுத்து வந்த டபிள்யூ.ஏ.98 ஈய அணுக்கருக்களின் மோதலை ஆராய்ந்தது. அதன் உணரியில் மினுக்கிகள் ஐம்பதாயிரத்தைத் தாண்டின. கோட்பாடு எதிர்பார்த்த பெரிய ஏற்ற இறக்கம் அதில் தென்படவில்லை. அத்தகைய நிகழ்வு எவ்வளவுக்கு மேல் இருக்க முடியாது என்ற வரம்பை இந்த உணரி வகுத்துத் தந்தது.

தேன்கூட்டு வடிவம்

மோதுவியில் இடம் குறைவு, காந்தப்புலம் வலிது, துகள் நெரிசல் அதிகம். இழையும் கேமராவும் அங்கே ஒத்துவரவில்லை. ஸ்டாருக்காக வாயு நிரப்பிய அறுகோணச் செப்பு அறைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வோர் அறையின் நடுவிலும் தங்கமுலாம் பூசிய 20 மைக்ரான் டங்ஸ்டன் கம்பி ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஆர்கான் 70 விழுக்காடு, கார்பன் டையாக்சைடு 30 விழுக்காடு கலந்த வாயுவைத் துகள் அயனியாக்கும். அப்போது விடுபடும் எலெக்ட்ரான்கள் கம்பியருகே பெருகிச் சமிக்ஞையாகும். செப்புச் சுவர் அதை அடுத்த அறைக்குப் பரவவிடாது.

அறையின் ஓரங்களில் மின்புலம் தளர்ந்து திறன் குறைவது இந்த வடிவத்தின் பெரிய சிக்கலாக இருந்தது. மேலும் கீழும் உள்ள அச்சுப்பலகைகளில், கம்பி வெளிவரும் இடத்தைச் சுற்றிச் சிறு காப்பு வட்டத்தை மட்டும் விட்டு, செப்பை உள்நோக்கி நீட்டியபோது திறன் அறை முழுவதும் ஏறக்குறையச் சீரானது. முன்மாதிரிகளைக் கட்டிக் கற்றையில் வைத்துப் பார்த்ததால் கிடைத்த தீர்வு இது.

ஸ்டார் பி.எம்.டி. மோதல் புள்ளியிலிருந்து 5.4 மீட்டர் தொலைவில் நின்றது. இரண்டு தளங்களிலும் சேர்த்து 82,944 அறைகள். புவனேஸ்வர் இயற்பியல் நிறுவனம், சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகம், ராஜஸ்தான், ஜம்மு பல்கலைக்கழகங்கள், மும்பை ஐஐடி ஆகியவை கொல்கத்தாவோடு கைகோத்தன. 62.4 கிகா எலெக்ட்ரான்வோல்ட் தங்க மோதல்களில் எண்ணிய ஃபோட்டான்களைப் பற்றிய முடிவு 2005இல் வெளியானது.

ஆலிஸ்

ஆலிஸுக்கான தொழில்நுட்ப அறிக்கை 1999இல் வெளியானது. 2003இல் வடிவமைப்பு திருத்தப்பட்டது. 48 தொகுதிகள், தொகுதிக்கு 4,608 அறைகள், மொத்தம் 2,21,184 அறைகள் என்பது திட்டம். ஓர் அறையின் பரப்பு 0.22 சதுர சென்டிமீட்டர், ஆழம் அரை சென்டிமீட்டர். மோதல் புள்ளியிலிருந்து சுமார் 3.6 மீட்டரில், மியூவான் நிறமாலைமானிக்கு எதிர்ப்பக்கத்தில் செங்குத்தாக நின்ற இவ்வுணரியின் இரு பாதிகளையும் தேவைப்படும்போது விலக்க முடியும்.

சமிக்ஞையைப் படித்த 'மானஸ்' சில்லு இந்தியத் தயாரிப்பு. கொல்கத்தா சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனம் வடிவமைக்க, அது சண்டிகரை அடுத்த மொகாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸில் உற்பத்தியானது. ஒரு சில்லு 16 சமிக்ஞைத் தடங்களைக் கையாளும். ஆலிஸின் மியூவான் தட உணரிகளும், அவற்றின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தடங்களுக்கு இதே சில்லையே பயன்படுத்தின. பிறர் பயன்படுத்திய கேமராக்களோடு தொடங்கிய முயற்சி ஒரு தலைமுறைக்குள் தானே சில்லு செய்யும் நிலைக்கு உயர்ந்தது.

சோதனையும் இயக்கமும்

துகளை அடையாளம் காணும் திறன் கருவியோடு கூடப் பிறப்பதில்லை. இன்ன துகள் என்று முன்பே தெரிந்த கற்றையை அதன்மீது செலுத்திப் பெற வேண்டிய திறன் அது. ஆலிஸ் பி.எம்.டி.யின் முன்மாதிரிகள் செர்னின் புரோட்டான் சிங்க்ரோட்ரானில், சில கிகா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள பையான், எலெக்ட்ரான் கற்றைகளில் சோதிக்கப்பட்டன. ஈயமின்றி வந்த பையான் ஓர் அறையில் அடங்கியது. ஈயத்தைத் தாண்டி வந்த எலெக்ட்ரான் பல அறைகளில் விரிந்தது. எலெக்ட்ரானின் பொழிவும் ஃபோட்டானின் பொழிவும் ஒத்தவை என்பதால், பிரிக்கும் கோட்டை எங்கே போடுவது என்பதற்கு இச்சோதனை ஆதாரமானது.

மோதுவியில் பொருத்திய பின் வேலை அறை அறையாக நடந்தது. முதலில் கற்றையில்லாத நேரத்தில் ஒவ்வொரு தடத்தின் அடிமட்ட அளவும் இரைச்சலும் பதிவாகும். அதை மீறிய சமிக்ஞை மட்டுமே சேமிக்கப்படும். ஓயாமல் கத்தும் அறைகள் கணக்கிலிருந்து நீக்கப்படும். பிறகு பெருக்கத் திருத்தம். ஓர் அறை சமிக்ஞை தந்து, அதைச் சுற்றியுள்ள ஆறு அறைகளும் வெறுமையாக இருந்தால், அங்கே ஒற்றை ஹாட்ரான் கடந்தது என்று கொள்ளலாம். அத்தகைய நிகழ்வுகளை அறைதோறும் திரட்டி, அவற்றின் சராசரியைக் கொண்டு எல்லா அறைகளும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரப்படும். மோதலில் கிடைத்த தரவே கருவியைத் திருத்துவதால், தனிக் கற்றை தேவைப்படாது.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் முற்றிலும் தீராது. சில ஹாட்ரான்கள் ஈயத்தில் மோதிப் பொழிவைக் கிளப்பி ஃபோட்டானாக வேடமிடும். சில ஃபோட்டான்கள் வரம்புக்குக் கீழே தவறிப்போகும். இரண்டையும் கணினிப் போலிச்செயலாக்கம் மதிப்பிட்ட பிறகே இறுதி எண்ணிக்கை வெளியானது.

முடிவுகளும் பின்னைய நிலையும்

ஆலிஸ் அமைந்துள்ள பெரிய ஹாட்ரான் மோதுவியில் கற்றை 2008 செப்டம்பர் 10 அன்று முதன்முதலில் சுற்றியது. ஒன்பது நாள் கழித்து நேர்ந்த ஹீலியக் கசிவு விபத்தால், முதல் மோதல்கள் 2009 நவம்பர் 23 அன்றுதான் கைகூடின. 0.9, 2.76, 7 டெரா எலெக்ட்ரான்வோல்ட் புரோட்டான் மோதல்களில் பி.எம்.டி. எண்ணிய ஃபோட்டான்கள் 2015இல் வெளியாயின. ஆற்றல் கூடக் கூட ஃபோட்டான்களின் சராசரி எவ்வாறு வளர்கிறது என்பதை, கோட்பாட்டு மாதிரிகளோடு ஒப்பிட்டு அக்கட்டுரை காட்டியது.

2018இல் மோதுவியின் இரண்டாம் ஓட்டம் முடிந்தபின் பி.எம்.டி. ஆலிஸிலிருந்து அகற்றப்பட்டது. முன்திசைக்காக இப்போது ஃபோகால் என்ற கலோரிமீட்டர் திட்டமிடப்பட்டுள்ளது. இந்தியக் குழுக்கள் அதிலும் பங்கேற்கின்றன. இந்தியாவில் உருவான சிலிக்கான் உணரிகள் செர்னின் சோதனைக் கற்றையில் வைத்துப் பார்க்கப்பட்டுள்ளன. எண்ணுவதோடு நின்ற பி.எம்.டி.யைப் போலன்றி, ஃபோகால் ஃபோட்டானின் ஆற்றலையும் அளக்கும்.