மண்ணீரலில் கண்ட சிறு புள்ளி

சென்னை ராஜதானி ஒன்றாயிருந்த காலத்தில், சித்தூர் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரமாகவும், திருப்பதி அதே ஜில்லாவின் ஊர்களுள் ஒன்றாகவும் இருந்தன. அந்நாளில் இவ்வூர்களும் உள்ளிட்ட ராஜதானி முழுவதற்கும் தலைமை வைத்தியசாலையாக விளங்கிய சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில், மாதக்கணக்கில் விடாத ஜுரமும், வெளுத்த உடம்பும், இடப்புறம் புடைத்துப் பெருத்த மண்ணீரலுமாய் வந்து சேர்ந்த ஏழைகளையெல்லாம் மலேரியா நோயாளிகள் என்றே எழுதிவைத்து, கொயினாவைக் கொடுத்து, அது பலியாமற்போவதைக் கண்டு வைத்தியர்கள் மனஞ்சலித்துக்கொண்டிருந்தனர்.

கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரரும், சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியருமான சார்லஸ் டோனவன், இது மலேரியாதானா என்று ஐயுற்றார். 1903-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த குருதியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தபோது, முட்டை வடிவமான நுண்ணிய உருவங்கள் தென்பட்டன. ஒவ்வொன்றினுள்ளும் சாயம் பிடித்த பெரிய புள்ளி ஒன்று. அதனருகே, சிறு கோல்போல ஆழ்ந்து நிறமேறிய இன்னொரு புள்ளி. கல்கத்தாவையடுத்த டம்டம் பாளையத்திலிருந்து திரும்பி இங்கிலாந்தில் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் கண்டு, அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே பிரசுரித்திருந்ததும் இதே உருவந்தான்.

இது எந்த ஜாதியைச் சேர்ந்த கிருமி என்பதில் பெரியவர்களிடையே அபிப்பிராயபேதம் உண்டாயிற்று. டிரிபனசோம் என்னும் சாட்டைவால் கிருமியின் சிதைந்த உருவம் என்றார் லீஷ்மன். வேறோர் இனத்தோடு சேர்த்தார் பாரிஸிலிருந்த லாவரான். இரண்டுமல்ல, இது புதியது என்று தீர்ப்பளித்த ரொனால்ட் ராஸ், கண்டவர் இருவரின் பெயரையும் இணைத்து லீஷ்மானியா டோனவானி என்று அதற்குப் பெயர் சூட்டினார். மறு வருஷமே கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் அதைக் குழாயில் வளர்த்தபோது, அந்த முட்டையுருவம் நீண்டு, சிறு புள்ளியின் அருகிலிருந்து சாட்டைபோன்ற வாலொன்றை நீட்டிற்று. டிரிபனசோமுக்கு இது உறவு என்ற லீஷ்மனின் ஊகத்தில் உண்மை இருந்தது என்பதும், அந்த உறவுக்குச் சாட்சி டிரிபனசோமிலும் உள்ள அந்தச் சிறு புள்ளியே என்பதும் அப்போது விளங்கின.

புள்ளி எதனால் ஆனது என்பதைச் சொல்ல ரசாயனம் வளர வேண்டியிருந்தது. 1924-இல் ஃபாயில்கென் என்ற ஜெர்மானியர் டி.என்.ஏ. என்னும் பொருளை மாத்திரம் நிறங்காட்டும் சாயமுறை ஒன்றை வகுத்தார்; அவ்வாண்டிலேயே பிரெஸ்லாவும் ஸ்க்ரெமினும் அதைப் பிரயோகித்து, டிரிபனசோமின் சிறு புள்ளியிலும் அந்த நிறம் ஏறுவதைக் காட்டினர். உயிரணுவின் கருவுக்கு வெளியே டி.என்.ஏ. உண்டென்பதற்குக் கிடைத்த முதல் அத்தாட்சி இதுவே என்று சொல்லலாம். அதற்குரிய மதிப்பை உலகம் அன்று அளிக்கவில்லை என்பது என் எண்ணம். கைனெட்டோபிளாஸ்ட் என்ற பெயரால் இன்று அறியப்படுவது அந்தப் புள்ளிதான்.

அந்தப் புள்ளியின் அமைப்பை விளங்கிக்கொள்ள ஒரு கோயிற்சிற்பம் துணைபுரியும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலைகளில் தொங்கும் கற்சங்கிலிகளைத் திருப்பதி யாத்திரிகர் பலரும் பார்த்திருப்பர். ஒரே கல்லில் குடைந்த அவ்வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஆயினும் ஒன்றை உடைத்தாலன்றி மற்றதைப் பிரிக்கவியலாது. அணுக்கூட்டங்களிலும் அப்படி ஒரு பிணைப்பை உண்டாக்க இயலுமா என்ற கேள்விக்கு விடையாக, அமெரிக்காவில் எடெல் வாசர்மன் 1960-இல் கோத்த இரண்டு வளையங்களைச் செய்து காட்டினார். ஒரு வளையத்தின் ஊடே மற்றொன்று தற்செயலாய் நுழைந்து மூடிக்கொள்ளட்டும் என்று காத்திருக்கும் முறையாதலால், கிடைத்தது மிகச் சொற்பமே. 1983-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ழான்-பியேர் சோவாழ், செப்பு அயனியை நடுவே நிறுத்தி இரு துண்டுகளையும் அதன்மேல் குறுக்காக அமர்த்திக் கோக்கும் வழியைக் கண்டபிறகே அது நம்பிச் செய்யத்தக்க தொழிலாயிற்று. 2016-இன் நோபல் பரிசு அவரையும் வேறிருவரையும் அடைந்தது.

ஆனால் 1960-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைக் கொண்டு உயிரணுக்களின் டி.என்.ஏ.வைப் பார்க்கத் தலைப்பட்டவர்கள், கோத்த வளையங்கள் இயற்கையில் சர்வசாதாரணம் என்பதைக் கண்டு வியந்தனர். 1967-இல் வினோகிராடும் அவருடைய சகாக்களும் மனித உயிரணுவிலேயே இரண்டிரண்டாய்ப் பிணைந்த வளையங்களைக் கண்டனர். கைனெட்டோபிளாஸ்டிலோ, இரண்டல்ல மூன்றல்ல, ஆயிரக்கணக்கான சிறு வளையங்களும் சில பத்துப் பெரு வளையங்களும் ஒரே வலையாய்ப் பின்னிக் கிடந்தன. கிரித்திடியா என்னும் இனத்தில் ஒவ்வொரு சிறு வளையமும் சராசரியாக மூன்று அண்டை வளையங்களோடு கோத்திருப்பதை 1995-இல் கணக்கிட்டார்கள். இந்த வலை இரட்டிக்கும் விதம் இன்னும் அதிசயமானது. டோபோஐசோமரேஸ் என்ற நொதி ஒரு வளையத்தை வெட்டி, அடுத்ததை அந்த வெட்டின் வழியே வெளியேற்றி, வெட்டை மறுபடி மூடுகிறது. இவ்வாறு தனியே கழன்ற வளையம் பிரதியெடுக்கப்பட்டு, பிறந்த இரண்டும் வலையின் ஓரத்தில் மீண்டும் கோக்கப்படுகின்றன. ஆயிரமாயிரம் வளையங்களில் ஒன்றும் விடுபடாமல் இது நடந்தேறிய பிறகே கிருமி இரண்டாகப் பிளக்கிறது. ஓர் உயிரணுவிலேயே இத்தனை வளையங்கள் இருப்பதனால்தான், கிருமி மிகக் குறைவாயுள்ள குருதியிலும் அவற்றைத் தேடி, டோனவன் ஆராய்ந்த அந்த ஜுரமாகிய காலா அசார் நோயை இன்று நிச்சயிக்க முடிகிறது.

திருப்பதியில் 1955-இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்களுக்கு கைனெட்டோபிளாஸ்ட் உடைய இந்தக் கிருமிக் குடும்பத்தின் மற்றோர் உறுப்பினர் பாடப்புத்தகத்திலேயே பரிச்சயம்: சர்ரா நோயைத் தரும் டிரிபனசோமா எவன்சி. 1880-இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கான் பகுதியில், மடிந்துகொண்டிருந்த குதிரைகளிலும் ஒட்டகங்களிலும் கிரிஃபித் எவன்ஸ் இதைக் கண்டார். மாடும் எருமையும் இதற்கு விலக்கல்ல. ஆப்பிரிக்காவிலுள்ள இதன் நெருங்கிய இனங்கள் செட்சி ஈயின் வயிற்றில் ஒரு பருவம் வாழ்ந்தாக வேண்டும். அந்த வாழ்வுக்குப் பெரு வளையங்கள் இன்றியமையாதவை. நம் நாட்டில் செட்சி ஈ இல்லை. மாட்டை மொய்க்கும் கடி ஈக்கள், ஒரு பிராணியைக் கடித்த வாயோடு இன்னொன்றைக் கடிக்கும்போது, கிருமியை அப்படியே மாற்றிவிடுகின்றன. ஈயினுள் அதற்குத் தனி வாழ்வே இல்லை. இவ்வாறு தேவையற்றுப்போன பெரு வளையங்களை எவன்சி அடியோடு இழந்துவிட்டது; சிறு வளையங்களும் ஏறக்குறைய ஒரே அச்சாய்ச் சுருங்கின; சில வகைகளில் முழு வலையுமே மறைந்துபோயிற்று. அவற்றைத் திரும்ப ஆப்பிரிக்காவுக்கே கொண்டுசென்று விட்டாலும், செட்சி ஈயின் வயிற்றில் இனி அவற்றுக்கு வளர்ச்சியில்லை.