பித்தளைத் துப்பாக்கியின் இரண்டாம் பிறப்பு

செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தில் டூகோ துப்பாக்கிக் கடைக்குள் நுழையும் காட்சி நினைவிருக்கா? நாலைந்து ரிவால்வர்களைப் பிரித்துப் போட்டு, ஒன்றின் குழல், இன்னொன்றின் உருளை என்று பொறுக்கி, காதோரம் சுழற்றிக் கேட்டு, தனக்கென்று ஒன்றைப் பூட்டிக்கொள்வான். கதை நடப்பது 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போரில். படம் வந்தது 1966ல். அந்தக் காலத்து இத்தாலிய வெஸ்டர்ன் படங்களில் ‘பழசு’ என்று காட்டப்பட்ட துப்பாக்கிகளில் பல, இத்தாலியிலேயே புதிதாகச் செய்த நகல்கள்.

அவை பிறந்த ஊர் கார்டோனே வால் ட்ரோம்பியா. பிரெஷா நகருக்கு வடக்கே ஒரு மலைப்பள்ளத்தாக்கு. பெரெட்டா குடும்பம் 1526லிருந்து குழல் செய்துவரும் இடம். 1950களின் கடைசியில் வால் ஃபோர்ஜெட் என்ற அமெரிக்கர் ஒரு யோசனையோடு இங்கே வந்தார். போரின் நூற்றாண்டு 1961ல் வருகிறது. சீருடை போட்டுக்கொண்டு அந்தக் காலத்துத் துப்பாக்கிகளால் குறி சுடும் போட்டிகள் அமெரிக்காவில் 1950லிருந்தே நடந்துகொண்டிருந்தன. ஆனால் நூறு வயதான அசலை வாராவாரம் சுட்டால் என்ன ஆகும்? உடையும். உடையாவிட்டாலும் விலை ஏறிக்கொண்டே போகிற பொருளைச் சுட மனசு வராது. புதிதாகச் செய்தால் என்ன?

ஆல்டோ உபெர்ட்டியின் பட்டறையில் முதலில் உருவான நகல்கள் இரண்டு. ஒன்று வடக்கின் கோல்ட் 1851 நேவி. அசல் கோல்ட் ஹார்ட்ஃபோர்டில் இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. மற்றது தெற்கின் பித்தளை உடம்பு ரிவால்வர். அது விற்பனைக்கு வந்த பெயர் ‘ரெப்’, அதாவது கலகக்காரன்.

இந்தப் பொழுதுபோக்கில் மயங்கியவர்கள் சுடுவதைவிட அதற்கு முந்தைய வேலையைத்தான் அதிகம் பேசுவார்கள். கருமருந்து என்பது நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு, பதினைந்து கரி, பத்து கந்தகம். ஒவ்வொரு அறையிலும் ஒன்றரை கிராம் போல அளந்து போடணும். மேலே ஈயக்குண்டு. குண்டு அறையைவிட ஒரு மயிரிழை பெரிசு. குழலுக்குக் கீழே உள்ள நெம்புகோலால் அழுத்தினால் விளிம்பில் ஈயம் மெல்லிய வளையமாகச் சீவி விழும். அப்படி விழுந்தால்தான் இறுக்கமாக உட்கார்ந்தது என்று அர்த்தம். அதன் மேல் கொழுப்பைப் பூசணும், பக்கத்து அறைக்குத் தீ தாவாமல் இருக்க. கடைசியாகப் பின்பக்கம் செம்பில் ஒரு குட்டிக் கேப். தீபாவளித் துப்பாக்கியில் போடுவோமே, அதோட அண்ணன். ஆறு அறையை நிரப்ப ஐந்து நிமிஷம்; சுட்டு முடிக்க ஆறு விநாடி. பிறகு வெள்ளைப் புகை, தீபாவளிக் காலை மாதிரி கந்தக வாசம். அன்றைக்கே சோப்பும் வெந்நீரும் ஊற்றிக் கழுவாவிட்டால் துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.

இந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கும். பழைய காலத்தைப் படிப்பதற்கும் கையால் செய்து பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பித்தளை ரிவால்வர் விஷயத்தில் கைக்கு எட்டாத ஒன்று இருக்கு.

ஏன் பித்தளை? தெற்கில் இரும்புக்குப் பஞ்சம். நிறைய மருந்து போட்டுச் சுடச்சுட பித்தளைச் சட்டகம் நீண்டு தளர்ந்துவிடும். யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கிற உலோகம் இல்லை. ஜார்ஜியாவில் மேக்கன் நகருக்குப் பக்கத்தில் கிரிஸ்வோல்ட்வில் என்று ஓர் ஊர். ஸாமுவேல் கிரிஸ்வோல்ட், கோல்ட்டைப் போலவே கனெக்டிகட்காரர், அங்கே பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் இயந்திரம் செய்துகொண்டிருந்தார். 1862ல் அதே ஆலையை கன்னிசன் என்பவரோடு சேர்ந்து ரிவால்வர் ஆலையாக மாற்றினார். இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய 3,600 துப்பாக்கிகள். 1864 நவம்பரில் வடக்கின் குதிரைப்படை வந்து ஆலையைக் கொளுத்தியது.

விற்பவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு: அந்தப் பித்தளை தேவாலய மணிகளை உருக்கியது என்று. கேட்க நல்லாத்தான் இருக்கு. நகலின் பெட்டியைத் திறக்கும்போதே காதில் மணி ஒலிக்கும். அவ்வளவாகச் சொல்லப்படாத கதை வேறு: அந்த ஆலையில் இயந்திரங்களை இயக்கியவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். தங்களை அடிமையாகவே வைத்திருக்க நடந்த போருக்கு, அவர்கள் கையாலேயே ஆயுதம்.

1860ன் மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. உடைமையாளரின் பெயர் இருக்கும்; அதற்குக் கீழே வயது, பால், நிறம். பெயர் கிடையாது. துப்பாக்கிகளுக்கோ வரிசை எண் பொறிக்கப்பட்டது. தப்பிப் பிழைத்த ஒவ்வொன்றையும் அந்த எண்ணை வைத்துச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடிப் பட்டியல் போடுகிறார்கள்.

நகல்களின் உலகமும் தன் வழியில் எங்கேயோ போய்விட்டது. .44 அளவில் பித்தளை உடம்போடு ‘1851 நேவி’ விற்கிறார்கள். அசலில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது, கோல்ட் நேவி.36தான், சட்டகமும் இரும்பு. ஆனால் பித்தளை மலிவு, பளபளப்பு வேறு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் வாங்குகிறார்கள். வாங்குவதும் சுலபம். கென்னடியைச் சுட்ட ரைஃபிள் தபாலில் வந்தது. அதன் பிறகு 1968ல் வந்த கடுமையான சட்டம்கூட 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கிகளையும், முன்பக்கம் மருந்து அடைக்கும் நகல்களையும் பழம்பொருள் என்று ஒதுக்கி வைத்துவிட்டது. மாநிலச் சட்டம் குறுக்கே வராவிட்டால் அவை இன்றும் தபாலில் வரும்.

அசலுக்கு விலை எக்கச்சக்கம் என்பதால் போலியும் உண்டு. இத்தாலிய நகலை எடுத்து, கார்டோனே சோதனைச்சாலை அடித்த முத்திரையையும் வருஷக் குறியையும் ராவி எடுத்து, அமிலத்தில் ஊறவைத்து, கிழடு தட்டச் செய்து விற்பார்கள். தெரிந்தவர்கள் பித்தளையோடு நிற்பதில்லை; உருளையையும் பார்ப்பார்கள். கிரிஸ்வோல்ட்வில்லில் நல்ல எஃகு கிடைக்காததால் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, முறுக்கி, அதிலிருந்து உருளையைக் கடைந்தார்கள். அந்த முறுக்கின் சாய்ந்த கோடுகள் இன்றும் பல அசல்களில் கண்ணுக்குத் தெரியும். உபெர்ட்டியின் எஃகு சுத்தமானது. அதில் கோடு விழாது.