640 கிலோபைட்டும் இந்திய எழுத்துகளும்

ஐதராபாத்தின் வடபுறத்திலுள்ள போலாரம் ஒரு பழைய கண்டோன்மென்ட் பகுதி. தெலுங்கு, உருது, தமிழ், ஆங்கிலம் ஆகியன அருகருகே வழங்கும் இத்தகைய ஊரில் 1980களின் தனியாள் கணினி ஒன்றை வைத்தால், கூடுதல் ஏற்பாடின்றி அது காட்டக்கூடியது இவற்றுள் ஆங்கில எழுத்தை மட்டுமே. அக்காலக் கணினிகளின் நினைவகச் சிக்கல்கள் பொறியியல் வரலாறாகவே பேசப்படுகின்றன. அவை எழுத்துமுறைகளின் வரலாறுமாகும்.

1981இல் வெளிவந்த ஐபிஎம் கணினியின் 8088 செயலிக்கு 20 முகவரிக் கம்பிகள் இருந்தன. எனவே அது எட்டக்கூடிய எல்லை 1024 கிலோபைட். அதில் 640 நிரல்களுக்கு ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 384 திரைக்கும் நிலைநினைவகத்துக்கும் விரிவாக்க அட்டைகளுக்கும் உரியதாயிற்று. ஆங்கில எழுத்து வடிவங்கள் திரையட்டையின் நிலைநினைவகத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தமையால், அவற்றுக்காக 640இல் ஒரு பைட்டும் செலவாகவில்லை. தமிழை மென்பொருளால் காட்ட வேண்டுமாயின், எழுத்துருவும் அதை வரையும் நிரலும் அந்த 640க்குள் இடம்பிடிக்க வேண்டும். எட்டுப் புள்ளி அகலமுள்ள கட்டத்தில் ண, ஞ போன்ற எழுத்துகள் தெளிவாக அடங்கா. ஆதலால் வரைபட முறை தேவைப்பட்டது. 80 பத்தி, 25 வரி கொண்ட எழுத்துத்திரைக்கு 4,000 பைட் போதும். 640×480 புள்ளிகளும் 16 வண்ணங்களும் கொண்ட திரைக்கு 1,53,600 பைட் வேண்டும்.

1985இல் 80386 செயலி வந்தபின் நான்கு மெகாபைட் நினைவகமுள்ள கணினியும் ‘நினைவகம் போதவில்லை’ என்று அறிவித்து நின்றது. செயலி வளர்ந்தும் டாஸ் இயங்குதளம் 1981இன் வரையறைக்குள்ளேயே இயங்கியதுதான் காரணம். 1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5, ஹைமெம், இஎம்எம்386 என்னும் இரு மேலாளர்களின் துணையால் இயங்குதளத்தின் பெரும்பகுதியையும் சிறு நிரல்களையும் 640க்கு மேலே ஏற்ற வழிசெய்தது.

பழுது தேடும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உருவாயிற்று. மெம் கட்டளையால் எந்த நிரல் எவ்வளவு இடம் கொண்டுள்ளது என முதலில் காண்பர். தொடக்கக் கோப்பின் வரிகளை ஒவ்வொன்றாக முடக்கிக் கணினியை மீண்டும் இயக்குவர். சில நிரல்களுக்கு, தங்கியபின் கொள்ளும் இடத்தைவிட ஏறும் வேளையில் மிகுதியான இடம் வேண்டும். அதனால் ஏற்றும் வரிசையை மாற்றினாலே முடிவு மாறும். விரிவாக்க அட்டைக்குரிய முகவரியை வெற்றிடமெனக் கருதி மேலாளர் அங்கே நினைவகத்தைப் பொருத்திவிட்டால் கணினி உறைந்துவிடும். அம்முகவரியை விலக்குமாறு கட்டளையிடுவதே தீர்வு. 1993இல் எம்எஸ்-டாஸ் 6 உடன் வந்த மெம்மேக்கர் இச்சோதனைகளின் பெரும்பகுதியைத் தானே செய்தது.

இந்திய எழுத்துகளுக்கு வேறொரு வழியும் திறந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தோன்றிப் புணேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், எழுத்து வடிவங்களைக் காட்டும் பணியைத் தனியொரு விரிவாக்க அட்டைக்கு மாற்றியது. நினைவகச் சுமை குறைந்தது. அட்டையின் விலை கூடியது. ஆங்கிலம் கணினியுடனே வந்தது. தமிழும் தெலுங்கும் தனியே வாங்கப்பட வேண்டியிருந்தன. 1991இல் தரப்படுத்தப்பட்ட இஸ்கி குறியீட்டில் தமிழ்க் ககரத்துக்கும் தெலுங்குக் ககரத்துக்கும் ஒரே எண், 179. பிராமி வழிவந்த எழுத்துகளின் உறவு இவ்வாறு குறியீட்டிலும் பதிந்தது. வலமிருந்து இடம் செல்லும் உருது இத்திட்டத்துக்கு வெளியே நின்றது.

அதே ஆண்டில் வெளிவந்த யூனிகோடு, 1988ஆம் ஆண்டின் இஸ்கி வரிசையைத் தழுவி இந்திய எழுத்துகளுக்கு இடமளித்தது. தமிழ்த் தொகுதியில் இன்றும் காணப்படும் வெற்றிடங்கள் அப்பொது வரிசையின் எச்சங்கள். விண்டோஸ் 2000இல் தமிழ் எழுத்துருவும் அதைக் கோக்கும் விதிகளும் இயங்குதளத்தின் பகுதியாயின. 1981இலேயே ஆங்கிலத்துக்குக் கிட்டிய நிலை தமிழுக்குக் கிட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

640 கிலோபைட் எல்லை எல்லோருக்கும் பொதுவானதாகத் தோன்றும். ஆயினும் அதற்குள் நுழையுமுன்பே சில எழுத்துகள் வாடகை செலுத்த வேண்டியிருந்தது. இந்திய மொழிகளின் கணினி வரலாற்றை எழுதுவோர், உருவான மென்பொருள்களை மட்டுமன்றி, இடமின்மையால் உருவாகாமற்போனவற்றையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.