ஒரு சைக்கிளுக்கு இரண்டு மோட்டார் எதற்கு?

அண்மையில் நடந்த கலந்துரையாடலில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து, "சாதாரண சைக்கிளில் பெட்ரோல் இயந்திரம் ஒன்று, மின்மோட்டார் ஒன்று, இரண்டையும் பொருத்தி ஓட்டலாமா?" என்று கேட்டார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள் அறிந்துகொள்ள ஒரு செய்தி: அந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. நேரமின்மையால் நிகழ்ச்சியில் விட்டுப்போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு சக்கர வண்டியில் பெட்ரோலை முதலில் ஏற்றியவர் ஜெர்மனியின் கோட்லீப் டைம்லர். 1885ஆம் ஆண்டு அவரும் வில்ஹெல்ம் மேபாக்கும் செய்த வண்டிக்கு மரச்சட்டம். 264 கன சென்டிமீட்டர் இயந்திரம், அரைக் குதிரைத்திறன், மணிக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வேகம். அதை டைம்லரின் மகன் கான்ஸ்டாட்டிலிருந்து வெளியே ஓட்டிச் சென்றபோது, இயந்திரத்தின் சூட்டில் இருக்கையே தீப்பற்றிக்கொண்டது என்பார்கள்.

மின்சாரமும் பின்தங்கிவிடவில்லை. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்டன், 1895ஆம் ஆண்டின் கடைசி நாளில் மின்சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். சட்டத்துக்கு நடுவே மின்கலம், பின்சக்கரத்தின் மையத்திலேயே மோட்டார். இன்று நம் புளோக்குகளின் கீழே நிற்கும் மின்சைக்கிள்களைப் பாருங்கள், பலவற்றில் மோட்டார் அதே இடத்தில்தான் இருக்கிறது. 10 வோல்ட்டில் 100 ஆம்பியர் வரை இழுக்கக்கூடிய மோட்டார் என்று அந்தக் காப்புரிமை சொல்கிறது. கணக்குப் பார்த்தால் 1,000 வாட். ஆனால் அன்றைய ஈய மின்கலம் இதை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? அங்கேதான் சிக்கல். அரை யூனிட் மின்சாரத்தைச் சுமக்கவே 20 கிலோவுக்கு மேல் ஈயம் வேண்டியிருந்த காலம் அது.

இந்தப் பலவீனத்திலிருந்துதான் இரட்டை மோட்டார் யோசனை பிறந்தது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஃபெர்டினண்ட் போர்ஷே வடிவமைத்த மின்கார் ஒன்று நின்றது. முன்சக்கரங்களுக்குள் மோட்டார், வண்டியில் 400 கிலோவுக்கு மேல் மின்கலம். அந்தச் சுமையைக் குறைக்க, இளைஞரான போர்ஷே மின்கலத்தைச் சிறிதாக்கி, மின்சாரம் தயாரிக்கப் பெட்ரோல் இயந்திரங்களை வண்டியிலேயே ஏற்றினார். "எப்போதும் உயிருடன்" என்று பொருள்படும் லத்தீன் பெயரை வண்டிக்குச் சூட்டினார். பெல்ஜியத்தின் ஹென்றி பீப்பர் வேறு வழியில் போனார். பெட்ரோல் இயந்திரத்தையும் மின்மோட்டாரையும் ஒரே தண்டில் இணைத்தார். மேட்டில் மோட்டார் கைகொடுக்கும். சமதளத்தில் மிஞ்சும் சக்தி மின்கலத்துக்குத் திரும்பும். 1909ஆம் ஆண்டு அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

இவையெல்லாம் கார்கள். சைக்கிளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கதை ஜப்பானில் நடந்தது. போர் முடிந்த மறு ஆண்டு, 1946. ஹமாமாட்சு நகரில் சோய்சிரோ ஹோண்டாவின் கையில் ராணுவம் விட்டுச்சென்ற சிறிய இயந்திரங்கள் கிடைத்தன. அவை வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தயாரிக்க உருவானவை. அவற்றைச் சைக்கிளில் மாட்டினார். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் உலோகக் குடுவை, முதல் வண்டிக்கு எண்ணெய்த் தொட்டியானது. மனைவி சாச்சி உணவுப்பொருள் தேடித் தொலைதூரம் மிதித்துப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் செய்ததாக ஹோண்டா சொல்வாராம். பெண்களால் ஓட்ட முடியுமா என்று அறியத் தம்மைச் சோதனைக்குப் பயன்படுத்திக்கொண்டதாகவே சாச்சி நினைவுகூர்ந்தார். எனக்கென்னவோ அந்த அம்மாள் சொன்னதுதான் நம்பும்படி இருக்கிறது!

ஒன்றைக் கவனித்தீர்களா? மின்சாரம் தயாரிக்கவே பிறந்த இயந்திரம் அது. போர்ஷே யோசனையின் ஒரு பாதி ஹோண்டாவின் மேசையிலேயே கிடந்தது. அவரோ மின்சாரப் பக்கத்தைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை நேரடியாகச் சுழல வைத்தார். சரியான முடிவுதான். மின்னாக்கி, மின்கலம், மோட்டார் என்று மூன்று சுமையை ஏற்றினால் சைக்கிளை யார் தூக்குவது? கையிருந்த 500 இயந்திரங்களும் தீர்ந்துபோகவே, 1947இல் சொந்தமாக ஓர் இயந்திரம் செய்தார். 1952இல் சைக்கிளில் மாட்டும் 'கப்', 1958இல் 'சூப்பர் கப்'. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் எங்கும் ஓடும் 'கப்சாய்' என்ற பெயருக்குள் ஒளிந்திருப்பது அந்தக் 'கப்'தான்.

மின்சாரம் மீண்டும் தலையெடுக்க 1993 வரை காத்திருக்க நேர்ந்தது. மிதிக்கும் விசையை அளந்து அதற்கேற்ப மோட்டார் உதவும் சைக்கிளை அந்த ஆண்டு யமஹா விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டும் கலந்த வண்டியாக 2009இல் பியாஜியோவின் மூன்று சக்கர ஸ்கூட்டர் வந்தது. பெரிய மோட்டார் சைக்கிளில் 2023இல் கவாசாகி முயன்றது.

சரி, மாணவரின் சைக்கிளுக்கு வழி உண்டா? உண்டு. பட்டறையில் விரும்பிச் செய்பவர்கள் மின்மோட்டாரை முன்சக்கரத்திலும் பெட்ரோல் இயந்திரத்தைச் சங்கிலி மூலம் பின்சக்கரத்திலும் பொருத்துவார்கள். இரண்டையும் இணைக்கத் தனிப் பற்சக்கரப் பெட்டி தேவையில்லை, சாலையே இணைத்துவிடும். பெட்ரோல் பக்கம் கிளட்ச் அவசியம். முன்மோட்டார் ஒரு திசையில் மட்டும் பற்றும் வகையாக இருந்தால், ஓய்வில் இருக்கும்போது வண்டியைப் பின்னிழுக்காது.

ஓடவைப்பது எளிது. நிறுத்துவதை யாரும் கேட்பதில்லை. வேகம் 25இலிருந்து 50 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 4 மடங்கு. மெல்லிய சட்டமும் ரப்பர் கட்டைகளும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. சில்வெஸ்டர் ரோப்பர் என்ற அமெரிக்கர் நீராவி இயந்திரம் மாட்டிய சைக்கிளில் 1896ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ஓடுதளத்தில் சுற்றினார். ஒரு மைலை 2 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடந்தவர், அடுத்த சுற்றுகளில் தடுமாறி விழுந்தார். வயது 72. இதயம் நின்றதால் விழுந்தாரா, விழுந்ததால் நின்றதா என்பது இன்றுவரை தெரியவில்லை.

நம் சிங்கப்பூர்ச் சட்டம் மின்சைக்கிளுக்கு 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர், 20 கிலோ எடை என்று வரம்பு வைத்திருக்கிறது. பதிவு எண்ணும் கட்டாயம். பெட்ரோல் இயந்திரம் மாட்டிய சைக்கிளுக்கு நம் சாலையில் இடமில்லை. ஆகவே தம்பி, உங்கள் வண்டி பட்டறைத் தாங்கியில்தான் ஓட வேண்டும்.

அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அதே 25 கிலோமீட்டர் வேகத்தில் 250 வாட் முழுதாகச் செலவானால் கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி. போல்டனுக்கு 20 கிலோவுக்கு மேல் ஈயம் தேவைப்பட்ட அந்த அரை யூனிட், இன்று சுமார் 3 கிலோ லித்தியம் மின்கலத்துக்குள் அடங்கிவிடும். 50 கிலோமீட்டர் ஓடலாம். துவாஸில் ஏறினால் சாங்கியில் இறங்கலாம், இடையில் கால் அசைத்தால் இன்னும் மிச்சமாகும். ஒரு கிலோ பெட்ரோலில் அதைவிடப் பல மடங்கு சக்தி இருப்பது உண்மைதான். ஆனால் அதை எரிக்கும் இயந்திரம், தொட்டி, சங்கிலி எல்லாவற்றின் எடையையும் முதல் கிலோமீட்டரிலிருந்தே சுமக்க வேண்டும். ஈப்போ வரை போகிறவருக்கு அது கட்டுப்படியாகலாம். ஈசூன் வரை போகிறவருக்கு எதற்கு?