தோட்ட வீடமைப்பும் ஒப்பந்தகாரர் தரங்களும்: மலையக மக்கள் அறிந்திருக்க வேண்டியவை

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குச் செல்லும் குடும்பத்துக்குக் கிடைப்பது ஒரு துண்டுக் காணியும் ஒரே ஒரு தடவை வழங்கப்படும் வீட்டுத் தொகையுமே. வேலை பாதியில் நின்றால் அந்தத் தொகை மீண்டும் வராது. ஆகவே வீடு கட்ட வருபவர் யார், எவ்வளவு பெரிய வேலையை அவர் எடுக்கலாம் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய கேள்வி.

இலங்கையில் ஒப்பந்தகாரர்களைப் பதிவு செய்வது நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை. முன்னர் 'இக்டாட்' என அறியப்பட்ட நிறுவனத்தின் இடத்தில், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இது அமைந்தது. இச்சட்டத்தில் 'இனங்காணப்பட்ட நிர்மாண வேலைகள்' எனக் குறிக்கப்படுபவற்றைப் பதிவில்லாதவர் ஒப்பந்தமாக ஏற்க முடியாது.

பதிவு தரம் பிரித்தே வழங்கப்படுகிறது. பொது ஒப்பந்தகாரர்களுக்கு மிகச் சிறிய தரம் சி9. அங்கிருந்து சி1 வரை உயர்ந்து, அதற்கும் மேல் சிஎஸ்1, சிஎஸ்2 என முடிகிறது. நிதி வலிமை, செய்து முடித்த வேலைகள், தொழில்நுட்ப ஆளணி, இயந்திரங்கள் ஆகியவற்றைக் கொண்டு தரம் தீர்மானிக்கப்படுகிறது. ஒவ்வொரு தரத்துக்கும் தனி ஒப்பந்தமொன்றின் பெறுமதி வரம்பு உண்டு. கட்டடம், வீதி, பாலம், நீர் வழங்கல் என வேலைத் துறையும் பதிவில் குறிக்கப்படும். வீதி வேலைக்கான பதிவு கட்டடத்துக்குச் செல்லாது.

போருக்குப் பின் இந்திய உதவியுடன் தொடங்கிய 50,000 வீட்டுத் திட்டத்தில் 46,000 வீடுகள் வடக்கு கிழக்குக்கும் 4,000 வீடுகள் மலையகத்துக்கும் ஒதுக்கப்பட்டன. வடக்கு கிழக்கில் பெரும்பாலான குடும்பங்கள் தவணை தவணையாகப் பணம் பெற்றுத் தாமே மேசன் பிடித்துக் கட்டின. வீட்டுக்குரியவரே அங்கு மேற்பார்வையாளராகவும் இருந்தார். வேலை ஒப்பந்தத்தில் விடப்படும்போது அந்தப் பிடி தளர்கிறது.

மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் 2017இல் அறிவிக்கப்பட்டன. 2024 பெப்ரவரியில் அவற்றின் முதற்கட்டமாக 1,300 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு வீட்டுக்கான இந்திய நிதி 28 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டிருந்தது. இந்தக் கணக்கில் 50 வீடுகளை ஒரே ஒப்பந்தமாக விட்டால் பெறுமதி 14 கோடி ரூபா. தோட்டத்துப் பிள்ளைகள் நடத்தும் சிறிய நிறுவனம் அதன் தரத்தால் போட்டிக்கே வர முடியாது. அதே வேலையை 5 வீடுகளாகப் பிரித்தால் பெறுமதி 1 கோடி 40 இலட்சமாகக் குறைந்து, நடுத்தர, சிறு ஒப்பந்தகாரர்களுக்கும் இடம் கிடைக்கும். வேலை யார் கைக்குப் போகும் என்பது ஒப்பந்தம் எப்படிப் பொதி செய்யப்படுகிறது என்பதிலும் தங்கியுள்ளது. தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் இதைக் கேள்வி கேட்கத் தயங்கக் கூடாது.

கையொப்பமிடும் முன் பார்க்க வேண்டியவை:

- பதிவு இலக்கம், தரம், துறை, காலாவதித் திகதி. அதிகாரசபையிடமே இவற்றை உறுதி செய்யலாம். பெறுமதி வரம்புகள் மாறக்கூடியவை என்பதால் நடைமுறையில் உள்ள அட்டவணையையே கேட்க வேண்டும்.
- பதிவு பெற்றவரே வேலை செய்கிறாரா, அல்லது அவரது பெயரில் வேறொருவரா?
- வேலை முடிந்த அளவுக்கே கொடுப்பனவு; குறைபாடுகளைத் திருத்தும் காலம் முடியும்வரை ஒரு பகுதிப் பணத்தைப் பிடித்து வைத்தல்.
- மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை.

கடைசி விடயம் சம்பிரதாயமல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. எவ்வளவு உயர்ந்த தரத்து ஒப்பந்தகாரர் வந்தாலும், பிழையான நிலத்தில் கட்டிய வீட்டை அவரது பதிவு காப்பாற்றாது.